‘நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதானே வரும்?’ - காவிரிக்கரை மறந்துபோன கணக்கு

ஊர் சொல்லும் சேதி - வாராந்திரத் தொடர்

ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்கு வருகிறவர்களுக்கு வெள்ளம் என்றால் கொண்டாட்டம். காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, தூக்குச்சட்டியில் சித்ரான்னம். காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடினால் மனசு நிறைந்துவிடும். ஆறு வறண்டு, குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டுத் திரும்பிய ஆடிகளும் உண்டு என்பதால், தண்ணீர் அதிகமாக வந்தது என்று இங்கே யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை.

ஆனாலும் படித்துறையில் வயதானவர்கள் உட்கார்ந்திருந்தால் பேச்சு எப்படியும் பழைய வெள்ளத்துக்கு வந்து நிற்கும்.

“எழுபத்தேழுல வந்துச்சு பாரு... அது மாதிரி இனிமே யாரும் பார்க்க வேணாம்டா சாமி.”

“அதெல்லாம் அந்தக் காலம் பாட்டி. இப்பதான் மேட்டூர்ல அணை இருக்கே. அப்படியே வந்தாலும் நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதானே வரும்?”

திருச்சியில் பல வீடுகளில் நடக்கிற பேச்சு இது. பேரன் ஆறுதலாகத்தான் சொல்கிறான். ஆனால், அவன் சொன்ன இரண்டு விஷயங்களும் தவறு. மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது 1934-ல். பாட்டி பார்த்த வெள்ளம் வந்தபோது அந்த அணைக்கு 43 வயது! இரண்டாவது தவறு, அந்த ‘நூறு வருஷக் கணக்கு’. அதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் விரிவாகப் பார்க்கப்போகிறோம். ஏனென்றால், ஒரு குடும்பம் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு ஆற்றங்கரையில் மனை வாங்குவதா, வேண்டாமா என்பது வரை இந்தக் கணக்கு வந்து நிற்கிறது.

பகடையில் ஆறு விழுமா?

‘நூறாண்டு வெள்ளம்’ என்று நீரியல் வல்லுநர்கள் சொல்வது, நூறு வருடத்துக்கு ஒருமுறை காலண்டர் பார்த்து வருகிற வெள்ளத்தை அல்ல. எந்த ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டாலும் அந்த அளவு வெள்ளம் வருவதற்கு 1 சதவிகித வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். போன வருடம் வந்தது என்பதற்காக இந்த வருடம் லீவு எடுத்துக்கொள்ளாது.

ஒரு சதவிகிதம்தானே என்று தோன்றும். ஆனால், வீடு ஒரு வருடத்துக்காகக் கட்டுவதில்லையே? 20 வருட வீட்டுக்கடன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசித் தவணை கட்டி முடிப்பதற்குள் ‘நூறாண்டு வெள்ளத்தை’ ஒரு தடவையாவது பார்த்துவிடும் வாய்ப்பு 18 சதவிகிதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபதம் ஆடியவர்களுக்கு எளிதாகப் புரியும்: பகடையை ஒருமுறை உருட்டினால் ஆறு விழும் வாய்ப்பைவிட இது சற்று அதிகம். 30 வருடம் என்றால் 26 சதவிகிதம், அதாவது நான்கில் ஒன்று. 80 வயது வரை அதே இடத்தில் வாழ்கிறவருக்குப் பாதிக்கும் மேல்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த 1 சதவிகிதத்தையே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஆற்றில் ஆண்டுதோறும் அளந்து எழுதிவைத்த பதிவுகளை வைத்துத்தான். திருச்சிக்கு மேலே முசிறியில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. அதுபோன்ற இடங்களில் ஓடும் நீரின் உயரத்தையும் அளவையும் பதிவு செய்கிறார்கள். ஆனால், நூறு வருடத்தில் ஒருமுறை வரக்கூடியதைக் கணிக்க, சில பத்தாண்டுப் பதிவுகள் போதுமா? பத்து நாள் வெயிலைப் பார்த்துவிட்டு வருடம் முழுக்க எத்தனை நாள் மழை பெய்யும் என்று சொல்வது போலத்தான்.

நூறாண்டு வெள்ளம் என்று நினைத்தது உண்மையில் ஐம்பதாண்டு வெள்ளமாக இருந்துவிட்டால்? அதே 20 வருட வீட்டுக்கடன் காலத்தில் வாய்ப்பு 33 சதவிகிதமாகிவிடும். மூன்று வீட்டில் ஒரு வீடு. ஆராய்ச்சியின் அவசியம் இங்கேதான் வருகிறது.

இரண்டு வெள்ளம், இரண்டு பாடம்

காவிரியின் கதையில் 1924 ஜூலை மறக்கக் கூடாத மாதம். மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அந்த ஆண்டு பிப்ரவரியில். ஐந்தே மாதங்களில், அந்த ஆறு தன் உண்மையான பலத்தைக் காட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இரண்டு பக்கமும் பேய்மழை. கேரளத்தில் அதைக் கொல்லம் ஆண்டு 1099-ஐ வைத்து ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். மூணாறில் ஓடிக்கொண்டிருந்த மலை ரயில் பாதையே அந்த மழையில் அழிந்துபோனது. இந்தப் பக்கம் காவிரியும் கொள்ளிடமும் பெருகி திருச்சி, தஞ்சைப் பகுதிகள் சேதமடைந்தன. மறு வருடம், 1925-ல், மேட்டூரில் அணை வேலை தொடங்கியது.

அதற்குப் பிறகு கரையோரத்தில் ஒரு நிம்மதி வந்தது. ‘இனி மேட்டூர் பார்த்துக்கொள்ளும்.’ அணைக்கு மேலே பெய்கிற மழையைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருந்தது. அணைக்குக் கீழே மழை பெய்தால்?

1977 நவம்பர் 12 அதிகாலை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே புயல் கரையைக் கடந்தது. வழக்கமாகக் கரைக்கு வந்ததும் புயல் களைத்துவிடும். இது உள்நாட்டுக்குள் வெகுதூரம் வந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சியில் மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தது. கடலே இல்லாத திருச்சியில்! மறுநாள் காலையில் அது மாநிலத்தைக் குறுக்கே கடந்து மேற்குக் கடலுக்கே போய்விட்டது. அந்தப் புயலில் 560 பேர் இறந்தார்கள். 10 லட்சம் பேர் வீடிழந்தார்கள்.

திருச்சியைச் சுற்றிப் பாருங்கள். கோரையாறு, அரியாறு போன்ற காட்டாறுகள் தெற்கிலிருந்து வந்து நகரை ஒட்டிக் காவிரியில் சேர்கின்றன. கரூர் பக்கம் அமராவதி வந்து சேர்கிறது. இவை எதுவும் மேட்டூர் அணையின் கட்டுப்பாட்டில் இல்லை. புயல் மழை கொட்டியது இந்த ஆறுகளின் தலையில்.

அதே புயலில் திண்டுக்கல் பக்கம் அழகாபுரியில் குடகனாறு அணை உடைந்தது. மண்ணால் கட்டிய அணை. வெள்ளம் ஏறிவந்தபோது ஊழியர்கள் தாமதிக்காமல் ஷட்டர்களைத் தூக்கத் தொடங்கினார்கள். பாதி தூக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரைப் போட்டும் பலனில்லை. கையாலேயே சுற்றித் தூக்கப் பார்த்தார்கள். அதற்குள் தண்ணீர் கரைக்கு மேலே ஏறி, மறுபக்கச் சரிவில் அருவியாக விழுந்து மண்ணை அரித்தது. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் நீளம் வரை பல இடங்களில் உடைப்புகள். குடகனாறு போய்ச் சேரும் இடம் அமராவதி. அமராவதி சேரும் இடம் காவிரி.

அரிய பேரிடர்களை ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். பெரிய ஆபத்து தனியாக வருவதில்லை. புயல், மழை, மின்தடை, நகராத ஷட்டர், அறுந்துபோன சாலை என்று எல்லாமே ஒரே ராத்திரியில் சேர்ந்து வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ‘சமாளித்துவிடலாம்’ என்றுதான் தோன்றும். அந்த ஊழியர்கள் வேலையில் குறை வைக்கவில்லை. ‘புயலன்று கரன்ட் இருக்காது’ என்பது திட்டத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

சேறு சொல்லும் சரித்திரம்

சரி, நூறு வருடப் பதிவு போதாது என்றால் ஆயிரம் வருடப் பதிவுக்கு எங்கே போவது? ஆற்றிடமேதான் கேட்க வேண்டும்.

பெருவெள்ளம் வரும்போது ஆற்றின் நடுவில் நீர் சீறிப் பாயும். ஆனால், பாறை இடுக்குகளிலும் கிளையாறு சேரும் முனைகளிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். அங்கே மெல்லிய மணலும் வண்டலும் படியும். அடுத்த பெருவெள்ளம் அதன் மேல் இன்னொரு அடுக்கைப் போடும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு வெள்ளத்தின் கையெழுத்து. எவ்வளவு உயரத்தில் படிந்திருக்கிறது என்று பார்த்தால், அந்த வெள்ளம் குறைந்தபட்சம் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று தெரியும்.

எந்தக் காலத்தில் வந்தது என்பதற்கும் வழி இருக்கிறது. மணல் துகள் வெளிச்சம் படாமல் புதைந்திருக்கும்போது சுற்றியுள்ள மண்ணிலிருந்து வருகிற மெல்லிய கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்துக்கொள்ளும். வெளிச்சமே படாமல் எடுத்துவந்து ஆய்வகத்தில் ஒளியூட்டினால், ‘கடைசியாக நான் வெயிலைப் பார்த்தது இப்போது’ என்று அந்தத் துகளே சொல்லிவிடும். புவியியலாளர் விஸ்வாஸ் காலே, அண்ணா பல்கலைக்கழகத்தின் ஹேமா அச்சுதன் உள்ளிட்டோர் மேல் காவிரிப் பகுதியில் இப்படிப் பழங்கால வெள்ளங்களின் தடயங்களை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டிருக்கிறார்கள். அளவுகோல் நடுவதற்குப் பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பு ஓடிய காவிரியைப் படிக்கும் முயற்சி அது.

இன்னொரு வழி, வராததைக் கணக்கிடுவது. பக்கத்துப் பகுதியில் பெய்த மிகப் பெரிய மழையை எடுத்து, ‘இதே மழை நம் அணைக்கு மேலே பெய்திருந்தால்?’ என்று கணக்குப் போடுவார்கள். காற்றில் இருக்கக்கூடிய அதிகபட்ச ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதில் கிடைப்பதுதான் ‘சாத்தியமான அதிகபட்ச வெள்ளம்’. பெரிய அணைகள் இந்த அளவைத் தாங்க வேண்டும் என்கிறது 1985-ல் வந்த இந்தியத் தரநிலை. ஆனால், நம் ஊர்ப் பழைய அணைகள் பலவும் அதற்கு முன்பே கட்டப்பட்டவை. 1979-ல் குஜராத்தின் மோர்பியில் மச்சு அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் இறந்ததற்கும் காரணம், கட்டும்போது நினைத்ததைவிடப் பல மடங்கு வெள்ளம் வந்ததுதான்.

இதோடு இப்போது பருவநிலை மாற்றமும் சேர்ந்திருக்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 சதவிகிதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்துவைக்கும். தாத்தா காலத்துக் கணக்கைப் பேரன் காலத்துக்கு அப்படியே போட முடியாது.

வராத இடம் என்று ஒன்று உண்டா?

காவிரியை விட்டு வெளியே போனாலும் இதே கதைதான். 1993 செப்டம்பர் 30 அதிகாலை, மகாராஷ்டிராவின் லாத்தூர் பகுதியில் கில்லாரி கிராமத்தை நிலநடுக்கம் தாக்கியது. ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் அந்த இடம் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. 2002-ல் தரநிலையைத் திருத்தியபோது முதல் மண்டலம் என்பதையே நீக்கிவிட்டார்கள். இந்தியாவில் ‘ஆபத்தே இல்லாத இடம்’ என்ற பெட்டி அத்தோடு காலியானது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ‘சுனாமி’ என்ற சொல்லே அன்றுதான் பலருக்கும் தெரியவந்தது. பிறகு ஆராய்ச்சியாளர்கள் தாய்லாந்தின் பிரா தோங் தீவில் சேற்றுநிலத்தைத் தோண்டினார்கள். 2004 அலை போட்ட மணல் அடுக்குக்குக் கீழே, அதே மாதிரி பழைய மணல் அடுக்குகள்! பல நூறு ஆண்டுகளுக்கு முன்பும் அதே அளவு அலை வந்திருக்கிறது. மண் ஞாபகம் வைத்திருந்தது. மனிதர்கள்தான் மறந்துவிட்டார்கள். 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. அந்த மணலை முன்பே யாராவது தோண்டிப் பார்த்திருந்தால், அந்த மையம் சில வருடங்கள் முன்னதாகவே வந்திருக்கலாம்.

மலைக்கோட்டையின் ஞாபகம்

இந்த விஷயத்தில் திருச்சியின் தலபுராணங்கள் நம்மைவிட ஞாபகசாலிகள். மலைக்கோட்டையில் ஈசன் தாயுமானவர் ஆனது எப்படி? காவிரியில் வெள்ளம். அக்கரையில் இருக்கும் தாய், மகள் ரத்னாவதியின் பிரசவத்துக்கு வர முடியவில்லை. தாயின் உருவில் இறைவனே வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. அதே தாயுமானவர் மேற்கே திரும்பிப் பார்த்ததும் உறையூர் மண்மாரியில் புதைந்தது என்பது இன்னொரு கதை. வீடிழந்த மக்கள் வெக்காளியம்மனிடம் போய் நின்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் வீடு கிடைக்கும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று அம்மன் வெயிலிலும் மழையிலும் இருக்கிறாள். ஸ்ரீரங்கத்திலும் தர்மவர்மச் சோழன் கட்டிய கோயில் வெள்ளத்தில் மண்மூடிப்போக, கிளி ஒன்று அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்வார்கள்.

இவற்றை வைத்துத் தேதி குறிக்க முடியாது. ஆனால், நின்றுகொண்டிருக்கிற ஊர் ஒருநாளில் இல்லாமல் போகலாம் என்பதை இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் சாத்தியமாகவே நினைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த நினைப்பு போய்விட்டது.

2018 தந்த முன்னோட்டம்

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. மேற்கே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து அதை அணைத்துக்கொண்டு ஓடுகின்றன. பெருவெள்ளத்தைக் கொள்ளிடம் வழியே திருப்பிவிடுவதால்தான் காவிரியின் கரையோர ஊர்கள் பிழைக்கின்றன. 1830-களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணையின் முக்கியமான வேலை அதுதான்.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்தது. பல நாள் வெள்ளத்துக்குப் பிறகு, ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு கொள்ளிடம் அணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதத்தில், 1928-ல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களும் சரிந்தன. பக்கத்தில் புதிய பாலம் வந்து பழையதில் போக்குவரத்தை நிறுத்தியிருந்ததால் உயிர்கள் தப்பின. பிறகு முக்கொம்பில் புதிய கதவணை கட்டப்பட்டது.

கவனிக்க வேண்டியது ஒன்று. 2018-ல் வந்தது 1924 அளவு வெள்ளம் அல்ல. அதற்கே இவ்வளவு. இதற்கிடையில் ஸ்ரீரங்கம் தீவில் தோப்பும் வயலுமாக இருந்த இடங்களில் எத்தனையோ மனைப்பிரிவுகள் வந்துவிட்டன. அணை இருக்கிற தைரியம், கரை இருக்கிற தைரியம். சின்ன வெள்ளங்களை அணை தடுத்துவிடுவதால் இரண்டு தலைமுறைக்கு வெள்ளமே தெரிவதில்லை. அந்த நிம்மதியில் கரைக்கு இன்னும் பக்கத்தில் போய் வீடு கட்டுகிறோம். கடைசியில் அணையையும் மீறிய வெள்ளம் வரும்போது, அதன் பாதையில் முன்பைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

பயந்து ஊரைக் காலிசெய்ய வேண்டியதில்லை. சில கேள்விகளைக் கேட்கும் பழக்கம் வந்தாலே போதும்.

மனை வாங்கும்போது பட்டா, வில்லங்கம் பார்க்கிறோம். கூடவே அந்தத் தெருவில் வயதானவர்களைத் தேடி, ‘எழுபத்தேழுல இங்க எவ்வளவு தண்ணி வந்துச்சு தாத்தா?’ என்று கேளுங்கள். வாய்க்கால் எங்கே ஓடியது என்று பழைய வரைபடத்தில் பாருங்கள். வீடு கட்டுவதென்றால் அந்தத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தரைமட்டத்தை வையுங்கள். பத்திரங்களும் சான்றிதழ்களும் மாடியில் இருக்கட்டும்.

2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டப்படி, ஏற்கெனவே இருக்கிற அணைகளுக்கும் ஐந்து ஆண்டுகளுக்குள் அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்க வேண்டும். தண்ணீர் எந்த ஊருக்கு, எத்தனை மணி நேரத்தில் வரும் என்பது கரையோர மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய தகவல். கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ இதைக் கேட்கலாம். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில எண் 1070. இரண்டையும் இன்றே போனில் பதிந்துவையுங்கள்.

கடைசியாக ஒன்று. 1977-ல் 10 வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. 1924-ஐ நேரில் பார்த்துச் சொல்ல ஆளில்லை. எழுபத்தேழு வெள்ளத்தைப் பார்த்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரைச் சுவர் அருகே அழைத்துப் போய், தண்ணீர் எதுவரை நின்றது என்று கையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் வருடத்தையும் எழுதுங்கள்.

பேரன் வெள்ளையடிக்கும்போது அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட வேண்டும்.